கணக்கு எங்கே உடைகிறது? சினிமாவில் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பார்க்கப் பழகுகிறவர்களுக்கு

பெரம்பூரில் எங்கள் சபை ஹாலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடி, பார்த்த ஒரு படத்தைப் பற்றிப் பேசுவோம். வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள், நாலு வீட்டில் வேலை செய்யும் ஒரு அம்மா, கிறிஸ்தவர் அல்லாத இரண்டு மூன்று நண்பர்கள் என்று கலவையான கூட்டம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: "படத்தில் எதைத் தேடவேண்டும்?" அவ்வப்போது துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். வீட்டில் தனியாகப் பார்க்கிறவருக்கும், தன் சபையிலோ பங்கிலோ இப்படி ஒரு கூட்டம் தொடங்க நினைக்கிறவருக்கும் இது உதவும். கோயில் பக்கமே போகாதவர் என்றாலும் பரவாயில்லை, வாருங்கள்.

தொடங்கும்முன் ஒரு தயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். சினிமா பார்ப்பதே பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நம்மில் நிறைய. அந்தப் பெரியவர்களை நான் குறை சொல்லமாட்டேன், பிள்ளைகள் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவனையும் போர்முனையில் சாகவைத்த தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி கட்டளைகளை வாசித்துக் காட்டவில்லை. கதை சொன்னார். ஒரு பணக்காரன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்த கதை. அந்தக் குட்டி ஏழையின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்திலே குடித்து, அவன் மடியிலே படுத்துக்கொள்ளும் என்பதுவரை சொன்னார். தாவீது கதைக்குள் போய்விட்டான். அந்தப் பணக்காரன்மேல் அவனுக்குக் கோபம் மூண்டது. அப்புறம்தான் நாத்தான் சொன்னார்: "நீயே அந்த மனுஷன்." நல்ல படம் ஒன்று நம்மிடம் செய்கிற வேலையும் இதுதான். நாம் யார் பக்கம் நின்று கோபப்பட்டோம், யாருக்காக அழுதோம் என்பதை வைத்தே நம்மைப் பிடித்துவிடும்.

முதலில் ஐந்து கதைகள்

படத்தைத் தொடுவதற்கு முன் வேதத்திலிருந்து ஐந்து பகுதிகளைப் படித்துவிடுங்கள். மெதுவாகப் படித்தாலும் ஒரு மணி நேரம் போதும். லூக்கா 10இல், வழியில் அடிபட்டுக் கிடந்தவனை இருவர் பார்த்தும் விலகிப்போக, நின்று உதவிய நல்ல சமாரியன். லூக்கா 15இல் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த இளைய மகன், கூடவே வாசலில் கோபித்துக்கொண்டு நின்ற மூத்த மகன். மத்தேயு 18இல் பெரிய கடன் மன்னிக்கப்பட்டும், தனக்கு வரவேண்டிய சின்னக் கடனுக்காக இன்னொருவன் கழுத்தைப் பிடித்த வேலைக்காரன். மத்தேயு 20இல் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தும் முழு நாள் கூலி வாங்கியவர்கள். யோவான் 21இல், மூன்று தரம் மறுதலித்த பேதுருவிடம் கடற்கரையில் மூன்று தரம் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்ட இயேசு.

பழைய திருப்புதல் (சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமம்) வேண்டுமென்றால் அது, கத்தோலிக்கர் என்றால் 1995இல் வந்த திருவிவிலியம். எதில் படித்தாலும் சரி. ஆனால் கூட்டத்தில் பேசும்போது சொற்கள் மாறும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். புரோட்டஸ்டண்ட் சபைக்காரர்களான நாங்கள் கிருபை (தகுதி பார்க்காமல் கிடைக்கும் தயவு) என்பதைக் கத்தோலிக்க நண்பர்கள் அருள் என்பார்கள். நமக்கு இரட்சகர், அவர்களுக்கு மீட்பர். நமக்கு ஆராதனை, அவர்களுக்குத் திருப்பலி. முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் வராது.

ஏன் இந்த ஐந்து? ஐந்திலும் ஒரே விஷயம் நடக்கிறது. கணக்கு சரியாக வராமல் போகிறது. அடி வாங்கவேண்டியவனுக்கு விருந்து கிடைக்கிறது, ஒரு மணி நேரக்காரனுக்கு முழுக் கூலி கிடைக்கிறது, யாரோ ஒருவனுடைய காயத்துக்கு வழிப்போக்கன் தன் பையிலிருந்து பணம் கொடுக்கிறான். நான் சொல்லப்போவது அத்தனையும் இதை ஒட்டியதுதான்.

சிலுவையைத் தேடாதீர்கள்

புதியவர்கள் செய்கிற முதல் தவறு, அடையாளங்களை எண்ணுவது. கதாநாயகி சிலுவைச் செயின் போட்டிருக்கிறாள், சண்டைக்காட்சி பாழடைந்த சர்ச்சுக்குள் நடக்கிறது, வில்லனின் ஆள் பெயர் ராபர்ட், பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் யாரோ கொலையை ஒப்புக்கொள்கிறார்கள். இதெல்லாம் பெரும்பாலும் அலங்காரம். நாயகன் மழையில் இரண்டு கையையும் விரித்து ரத்தத்தோடு நின்றால் அது கிறிஸ்து ஆகிவிடாது. அடுத்த காட்சியில் அதே நாயகன் இருபது பேரை வெட்டிச் சாய்த்துப் பழியைத் தீர்க்கிறான் என்றால், கணக்கு உடையவில்லை, நேராகிறது. பழிக்குப் பழி என்பது கணக்கு நேராவதுதானே.

2010இல் வந்த 'விண்ணைத்தாண்டி வருவாயா' நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் பிடித்த படம். நாயகி கிறிஸ்தவப் பெண், கேரளத்துச் சர்ச் திருமணக் காட்சி அதில் முக்கியமான இடம். ஆனால் அங்கே மதம் என்பது காதலுக்கு நடுவே நிற்கிற குடும்பச் சுவர். விசுவாசத்தைப் பற்றிய படம் அது இல்லை. இது படத்தின் குறையும் இல்லை, அதன் அக்கறை வேறு.

அடையாளங்களைச் சரியாகப் படிக்க ஒரு எளிய பழக்கம் உண்டு: நிஜத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். சென்னையில் அது கஷ்டமே இல்லை. ஒரு ஞாயிறு சாந்தோம் பேராலயத்தில் திருப்பலி, அடுத்த ஞாயிறு கதீட்ரல் சாலை செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆராதனை (1947 செப்டம்பரில் தென்னிந்திய திருச்சபை தொடங்கியது அங்கேதான்), இன்னொரு ஞாயிறு உங்கள் தெருவில் மாடியில் நடக்கும் ஒரு பெந்தெகொஸ்தே கூட்டம். கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வாருங்கள், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதற்குப் பிறகு, படத்தில் பாஸ்டருக்குக் கத்தோலிக்கக் குருவின் உடையை மாட்டிவிட்டால் உடனே கண்ணில் படும். எந்த இயக்குநர் உள்ளே வந்து பார்த்துவிட்டு எடுத்திருக்கிறார், யார் வெளியே நின்று எடுத்திருக்கிறார் என்பதும் தெரியும்.

கணக்கு உடைகிற இடம்

சரி, முக்கியமான படிக்கு வருகிறேன். படத்தில் இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். கணக்கு எந்த இடத்தில் உடைகிறது? உடைந்தால், அந்தத் தொகையை யார் கட்டுகிறார்கள்?

இதற்கு நான் எப்போதும் முதலில் எடுக்கும் படம் 2012இல் வந்த ஆங்கில இசைப்படம் 'லே மிசரபிள்'. விக்டர் ஹியூகோவின் கதை நமக்குப் புதிது இல்லை. 1950இலேயே கே.ராம்நாத் அதை 'ஏழை படும் பாடு' என்று தமிழில் எடுத்தார், நாகையா நடித்தார். விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' சீதாராமன் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

2012 படத்தில் அந்தப் பிஷப் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டி திருடியதில் தொடங்கிப் பத்தொன்பது வருடம் சிறையில் கிடந்த ஜான் வால்ஜான் வெளியே வருகிறான். எங்கேயும் இடம் இல்லை. பிஷப் ஒருவர் சாப்பாடு போட்டுப் படுக்கையும் கொடுக்கிறார். ராத்திரியில் அவருடைய வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான், போலீஸ் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பிஷப் சொல்கிறார்: அதை நான்தான் கொடுத்தேன், ஆனால் இந்த மெழுகுவர்த்தித் தண்டுகளையும் கொடுத்தேனே, அதை ஏன் விட்டுவிட்டுப் போனாய்? போலீஸ் போன பிறகு, அந்த வெள்ளியை வைத்து நேர்மையான மனிதனாக மாறு என்கிறார்.

அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். "மன்னித்துவிட்டேன்" என்று சொல்லியிருந்தாலே போதும், அது நல்ல காரியம்தான். ஆனால் அவர் அதற்கு மேலே போகிறார். திருட்டைக் கொடையாக மாற்றிவிடுகிறார். திருடன் என்ற பெயரே அவன்மேல் ஒட்டாதபடி செய்கிறார். மெழுகுவர்த்தித் தண்டு என்பது கூடுதல், கணக்கில் எங்கேயும் வராத தொகை. கிருபை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பிரசங்கங்களில் கேட்டதில்லை. படத்தின் மற்ற நேரம் முழுவதும், கிடைத்த அந்தத் தொகையை வால்ஜான் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே போகிற கதை. இன்ஸ்பெக்டர் ஜாவரால் மட்டும் அதைத் தாங்கமுடியவில்லை. தன்னைக் கொல்லும் வாய்ப்பு இருந்தும் வால்ஜான் விட்டுவிட்டான் என்ற பிறகு அவருடைய உலகத்தில் எந்தக் கணக்கும் நேராகவில்லை. ஆற்றில் குதித்துவிடுகிறார். மூத்த மகன் வாசலில் நின்றது போலத்தான் இதுவும், இன்னும் கொடுமையான முடிவோடு. (ஒரு துணுக்கு: அந்தப் படத்தில் பிஷப்பாக வரும் கோல்ம் வில்கின்சன், 1985இல் லண்டன் மேடையில் இதே இசை நாடகத்தில் வால்ஜானாக நடித்தவர். கிருபை வாங்கியவனாக நடித்தவர், பிறகு கொடுக்கிறவராக வருகிறார்.)

இரண்டாவது கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் கூட்டத்தில் இருக்கும் அந்த வீட்டுவேலை செய்யும் அம்மாதான். எல்லாரும் பிஷப்பைப் புகழ்ந்து பேசி முடித்த பிறகு அவர் கேட்டார்: "ஐயா, காலையில வெள்ளிச் சாமான் காணோம்னதும் அந்த வீட்டுல பாத்திரம் தேய்க்கிறவளுக்கு வயிறு கலங்கியிருக்குமே? பழி முதல்ல அவமேலதானே வரும்?" ஹாலில் சத்தமே இல்லை. அவர் தன் வாழ்க்கையிலிருந்து பேசுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஹியூகோவின் நாவலில் அந்த வீட்டில் மக்லுவார் என்ற வேலைக்காரப் பெண்மணி உண்டு. வெள்ளி காணாமல் போனதைப் பார்த்துப் பதறுவது அவர்தான். மன்னிப்புக்கு விலை உண்டு, அதை யாரோ கட்டுகிறார்கள், சில நேரம் கட்டுகிறவர் திரையில் தெரிவதே இல்லை. அன்றிலிருந்து எந்தப் படம் என்றாலும் அந்தக் கேள்வியைச் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

முதல் தடவை சும்மா பாருங்கள்

ஆரம்பத்தில் நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை நிறுத்தி வசனம் சொல்லுவேன். இதோ பாருங்கள் யோனா, இதோ பாருங்கள் ரோமர் 5 என்று. நண்பர் ஒருவர் அழைத்துவந்த ஒரு இளைஞன், கிறிஸ்தவன் இல்லை, பாதியில் என்னிடம், "அண்ணா, அவங்க அழறதையாவது முழுசா பார்க்க விடுங்க" என்றான். மறுமாதம் அவன் வரவில்லை. அது இன்னும் எனக்கு வருத்தம்தான். நாத்தான்கூட கதையை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் பேசினார்.

அதனால் முதல் தடவை நோட்டு வேண்டாம், பேனா வேண்டாம். படமாகப் பாருங்கள். மறுநாள் காலையில் எந்தக் காட்சி மனதில் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பலமுறை அது நீங்கள் எதிர்பார்த்த காட்சியாக இருக்காது. இரண்டாவது தடவை அந்தக் காட்சியையும் அதற்கு முன்னும் பின்னும் பத்து நிமிடத்தையும் மட்டும் பாருங்கள். யார் பேசவில்லை, யார் முகம் காட்டப்படவில்லை, இசை எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்.

வசனத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

இப்போது வேதப் பகுதியை எடுங்கள். எங்கே ஒத்துப்போகிறது என்பதோடு நிறுத்தாமல் எங்கே விலகுகிறது என்றும் பாருங்கள். விலகும் இடம்தான் அதிகம் பேசும். லூக்கா 10ஐ வைத்து இரண்டு தமிழ்ப் படங்களைச் சொல்கிறேன்.

மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' 2013இல் வந்தது. தலைப்பே ஏசாயா 11ஐ ஞாபகப்படுத்தும்: "ஓநாய் ஆட்டுக்குட்டியோடே தங்கும்." சென்னையின் ராத்திரித் தெருவில் குண்டடிபட்டு ஒருவன் கிடக்கிறான். மருத்துவ மாணவன் ஒருவன் தூக்கிக்கொண்டு போகிறான், மருத்துவமனை சேர்க்க மறுக்கிறது. தன் வீட்டுக்கே கொண்டுவந்து, பேராசிரியர் போனில் சொல்லச் சொல்ல, அவனே அறுவை சிகிச்சை செய்கிறான். சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான், இங்கே சத்திரமும் இல்லை, சொந்த வீடுதான். விலகும் இடம் அடுத்து வருகிறது. காப்பாற்றப்பட்டவன் போலீஸ் தேடும் கொலைகாரன். உதவி செய்தவனைப் போலீஸ் பிடித்து வதைக்கிறது. சமாரியன் உவமையில் அடிபட்டவன் நல்லவனா கெட்டவனா என்று யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. கிட்டத்தட்ட முப்பது வருடம் அந்தப் பகுதியைக் கேட்டிருக்கிறேன், அடிபட்டவன் நல்லவன் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். (சாலை விபத்தில் உதவுகிறவரைப் பாதுகாக்கும் சட்டப்பிரிவுக்கு நம் நாட்டில் இந்த உவமையின் பெயர்தான். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் நல்ல சமாரியன் பாதுகாப்பு என்று சேர்த்தார்கள். படம் வந்து ஆறு வருடம் கழித்து.)

இன்னொன்று 2023இல் வந்த 'அயோத்தி'. அயோத்தியிலிருந்து தீபாவளி சமயத்தில் ராமேசுவரம் வரும் ஒரு குடும்பம், வழியில் விபத்து, தாய் இறந்துவிடுகிறார். மொழி தெரியாது, கையில் வழி இல்லை, பண்டிகை விடுமுறை. சசிகுமார் நடித்த பாத்திரம் யாரோ எவரோ என்று பார்க்காமல் சான்றிதழ், விமானம், பணம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டி அந்த உடலை ஊருக்கு அனுப்பிவைக்கிறது. கடைசியில்தான் அவர் பெயரைக் கேட்கிறார்கள். அப்துல் மாலிக்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். லூக்கா 10இல் கதை முடிந்ததும் இயேசு, தன்னிடம் கேள்வி கேட்ட நியாயசாஸ்திரியிடம் (யூதச் சட்டம் படித்தவன்), இந்த மூவரில் யார் அடிபட்டவனுக்குப் பிறனாயிருந்தான், அதாவது அயலானாக நடந்துகொண்டான் என்று கேட்கிறார். அவன் "சமாரியன்" என்று பதில் சொல்லவில்லை. "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்கிறான். யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை, அந்தப் பெயர் அவன் வாயில் வரவில்லை. படமோ அதே பெயரைக் கடைசிவரை மறைத்துவைத்து, நாம் அந்த மனிதரை நேசித்த பிறகு சொல்கிறது. உதவியவர் கிறிஸ்தவர் இல்லை, உதவி பெற்றவர்களும் இல்லை, சர்ச்சு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் அந்த உவமையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அந்த உவமையிலும் நல்லவனாக வருகிறவன் "நம்ம ஆள்" இல்லையே.

எல்லாவற்றையும் நம்முடையது என்று சொல்லாதீர்கள்

மேலே சொன்னதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மன்னிப்பு, தியாகம் எங்கே வந்தாலும் "இது கிறிஸ்தவம்" என்று முத்திரை குத்தும் பழக்கம். அது உண்மையும் இல்லை, மரியாதையும் இல்லை. அதே மிஷ்கின் 2020இல் எடுத்த 'சைக்கோ'வில் கொலைகாரன்மேல் இரக்கம் பெரிதாக வரும். ஆனால் அதன் வேர் புத்தரும், பல கொலைகள் செய்துவிட்டு அவரிடம் வந்து திருந்திய அங்குலிமாலனும். நாயகன் பெயரே கௌதம். அங்கே போய் லூக்கா 23ஐ, சிலுவையில் இயேசு மன்னிக்கும் பகுதியை, ஒட்டினால் நாம் படத்தைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம். பக்கத்தில் வைத்துப் பேசலாம், எங்கே சேர்கிறது எங்கே பிரிகிறது என்று கேட்கலாம். அது நல்ல உரையாடல்.

நான் சொல்லும் முறை இது: "இந்தப் படம் கிறிஸ்தவப் படம்" என்று சொல்லவேண்டாம். "இந்தப் படம் எனக்கு இந்த வசனத்தை ஞாபகப்படுத்தியது" என்று சொல்லுங்கள். 2024இல் வந்த 'மெய்யழகன்' அப்படித்தான் எனக்கு. நீடாமங்கலத்தில் தன்னைக் கொண்டாடித் தீர்க்கிற ஒருவனின் பெயர்கூட நினைவில்லாமல், அந்த அன்புக்குத் தான் தகுதியில்லை என்ற கூச்சத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிடுகிறார் அரவிந்த்சாமி. "நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்" என்று படகில் இயேசுவின் காலில் விழுந்த பேதுரு எனக்கு நினைவுக்கு வந்தார். கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வது எவ்வளவு கஷ்டம்! படம் எடுத்தவர் அதை நினைத்திருக்கவேண்டியதில்லை.

சபையைக் குற்றம் சொல்லும் படங்கள்

இவற்றை ஒதுக்காதீர்கள். 2020இல் வந்த மலையாள 'டிரான்ஸ்' படத்தில் வியாபாரிகள் சேர்ந்து ஒருவனைப் பாஸ்டராகத் தயாரித்துச் சந்தையில் விடுகிறார்கள். அந்தப் பாஸ்டரையே நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போட்ட ஒரு தகப்பன் தன் மகளை இழக்கிறான். படம் பார்த்துவிட்டு எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் கோபமாக எழுந்து போகப்பார்த்தார். எசேக்கியேல் 34ஐ வாசிக்கச் சொன்னேன், தங்களையே மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பர்களுக்கு ஐயோ என்று தொடங்கும் பகுதி. வாசித்துவிட்டு உட்கார்ந்தார், அப்புறம் அன்றைக்கு அதிகம் பேசியவரும் அவர்தான். இதைவிடக் கடுமையாகத் தீர்க்கதரிசிகள் பேசியிருக்கிறார்கள்.

தமிழில் இறையியலை நேராகவே கையில் எடுத்த படம் என்றால் மணிரத்னத்தின் 'கடல்' (2013), கதை ஜெயமோகன். குருமடத்தில் படிக்கும் சாம், உடன் படிக்கும் பெர்க்மான்ஸின் தவறை மேலே சொல்லிவிடுகிறான். பெர்க்மான்ஸ் வெளியேற்றப்படுகிறான், ஒருநாள் உன்னையும் பாவத்துக்குள் இழுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். பிறகு சாம் ஒரு மீனவக் கிராமத்தில் பாதிரியாராக வந்து, யாரும் தொடாத ஒரு அநாதைச் சிறுவனை வளர்க்கிறார், பெர்க்மான்ஸின் சூழ்ச்சியில் அவமானப்பட்டுச் சிறைக்குப் போகிறார். படம் திரையரங்கில் பெரிதாக ஓடவில்லை, பின்பாதியில் எனக்கும் குறைகள் உண்டு. ஆனால் இந்த ஒரு கேள்விக்காகவே பாருங்கள்: சாம் அன்று குருமடத்தில் செய்தது சரியா? சட்டப்படி சரி. கணக்கு நேராக இருந்தது. கிருபை இருந்ததா? எங்கள் ஹாலில் ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும்வரை இதைப் பேசினோம்.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு

ஓடிடி சந்தாக்கள் பெரும்பாலும் சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்தான். ஹாலில் புரொஜெக்டர் வைத்துப் பலருக்குத் திரையிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காதபோது நாங்கள் செய்வது, அவரவர் வீட்டில் அந்த வாரத்துக்குள் பார்த்துவிட்டு வந்து பேசுவது. உண்மையில் இது இன்னும் நன்றாக இருக்கிறது, வீட்டில் இருக்கிற மற்றவர்களும் பார்த்துவிடுகிறார்கள். திருட்டுப் பிரதி வேண்டாம். விசுவாசத்தைப் பேச அதை எடுத்துவருவது சரியில்லை.

சான்றிதழைப் பாருங்கள். 2024 முதல் யுஏ என்பது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. வாலிபர் கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தம் தாங்காதவர்களுக்கும், வன்முறையை வீட்டில் அனுபவித்தவர்களுக்கும் முதலிலேயே எச்சரிக்கவேண்டும், இதில் கூச்சப்படாதீர்கள்.

முதலில் பேசவேண்டியது பாஸ்டரோ ஃபாதரோ இல்லை. அவர்கள் பேசிவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். அவர்களைக் கடைசியில் பேச வையுங்கள்.

எந்தப் படத்தில் தொடங்குவது என்று கேட்டால்: முதல் மாதம் 'அயோத்தி', தமிழ், சுலபம், எல்லாரும் அழுவார்கள். இரண்டாவது 'லே மிசரபிள்'. மூன்றாவது, 2023இல் வந்த இந்திப் படமான 'தி ஃபேஸ் ஆஃப் தி ஃபேஸ்லெஸ்'. கேரளத்திலிருந்து மத்தியப் பிரதேசத்துக்குப் போய்க் கடனில் சிக்கிய ஏழை மக்களுக்காக உழைத்த சகோதரி ராணி மரியாவின் கதை. 1995 பிப்ரவரி 25இல் பஸ்ஸில் ஒருவர் அவரைக் குத்திக் கொன்றார். கொன்றவரை அவருடைய தங்கை, அவரும் கன்னியாஸ்திரி, சிறைக்குள் போய்ப் பார்த்து ராக்கி கட்டினார். தாயும் மன்னித்தார். கொன்றவர் விடுதலையாகி அந்தக் குடும்பத்தின் பிள்ளைபோல ஆனார். 2017இல் ராணி மரியா அருளாளராக (கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) அறிவிக்கப்பட்டார். கணக்கு உடைந்தது, தொகையை யார் கட்டினார்கள் என்று இங்கே தேடவே வேண்டாம். ராக்கி என்பது நம் நாட்டு வழக்கம், வேதத்தில் இல்லாதது. சுவிசேஷம் ஒரு ஊருக்குள் வந்தால் அந்த ஊரின் கயிற்றைத்தான் எடுத்துக் கட்டும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு 'ஹாக்சா ரிட்ஜ்' (2016) போகலாம். துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று போருக்குப் போய் ஒகினாவாவில் சுமார் 75 பேரைச் சுமந்து இறக்கிய டெஸ்மண்ட் டாஸின் உண்மைக் கதை, ரத்தம் அதிகம். ஸ்கார்செஸியின் 'சைலன்ஸ்' (2016) மட்டும் ஒரு வருடம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில், மற்றவர்கள் சித்திரவதைப்படுவதை நிறுத்த, இயேசுவின் உருவத்தின்மேல் கால் வைக்கச் சொல்கிறார்கள் ஒரு குருவிடம். கூட்டம் ஒருவரை ஒருவர் நம்பப் பழகிய பிறகுதான் அதைப் பேசமுடியும்.

வேற்றுமொழிப் படம் என்றால் சப்டைட்டில் வேகமாக ஓடும். எங்கள் கூட்டத்து அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், அதனால் வாலிபர் கூட்டத்துப் பெண் ஒருத்தி அவர் வீட்டுக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே பார்ப்பாள். மூன்று மணி நேரப் படம் அவர்களுக்கு நாலரை மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை அந்த இருவர் கேட்கும் கேள்விகளுக்காகவே நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவைக்கிறோம்.